காய்ச்சல் போகும், கிருமி போகாது

திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் காய்ச்சலுக்கு ஒரே பெயர்தான், டெங்கு. உடம்பு சுட்டால் முதலில் பனடோல். இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. பிறகு வீட்டிலுள்ள எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு?" இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு காய்ச்சல், வைத்தியசாலையில் இடமில்லை, பாடசாலைகள் பூட்டு, அடுத்தடுத்து ஜனாஸாக்கள். அந்த வருடம் நாடு முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அதற்குப் பிறகு காய்ச்சல் என்றால் நுளம்பைத் தேடும் புத்தி எங்களுக்கு வந்துவிட்டது. நல்லதுதான்.

ஆனால் இந்தக் காய்ச்சல்களுக்கு நடுவே இன்னொரு காய்ச்சலும் வந்து போகிறது. அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எச்.ஐ.வி. கிருமி ஒருவருடைய உடம்புக்குள் புகுந்த முதல் வாரங்களில் வரும் காய்ச்சல் அது. வைரஸ் காய்ச்சல் என்று எழுதிக் குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் ஆள் எழும்பி வேலைக்குப் போய்விடுவார். அதோடு கதை முடிந்தது என்று அவரும் நினைப்பார், வீட்டாரும் நினைப்பார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

எச்.ஐ.வி.யின் அறிகுறிகள் என்ன என்று கேட்பவர்கள் அதிகம். கைபேசியில் இரவிரவாகத் தேடுபவர்கள் அதைவிட அதிகம். நாக்கில் ஒரு வெள்ளைப் படலம் கண்டால் நித்திரையைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள், உடம்பில் ஒன்றும் இல்லை, ஆகவே தனக்கு ஒன்றும் இல்லை என்று பத்து வருடம் நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறது. இரண்டும் உடம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் பார்க்கின்றன. இந்த நோயில் உடம்பு அப்படிச் சாட்சி சொல்வதில்லை.

முதலில் அந்தக் காய்ச்சலைப் பார்ப்போம்.

கிருமி உள்ளே போய் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள், தொற்றியவர்களில் மூவரில் இருவர் அளவில் ஏதோ ஒரு சுகவீனத்தை உணர்கிறார்கள். காய்ச்சல், தொண்டை நோ, தலையிடி, உடம்பு உளைவு, மூட்டு நோ, எழும்ப முடியாத அலுப்பு. கழுத்திலும் கக்கத்திலும் அரையிலும் நெறி கட்டும். நெஞ்சிலும் முதுகிலும் முகத்திலும் சிவப்புத் தடிப்புகள் வரலாம். வாய்க்குள் புண் வரலாம். இரவில் தலையணை நனைய வியர்க்கலாம். சிலருக்கு வயிற்றோட்டம். மீதிப் பேருக்கு இதில் ஒன்றுமே இல்லை.

இந்தப் பட்டியலை டெங்குவோடு வைத்துப் பாருங்கள். காய்ச்சல், உளைவு, தலையிடி, தடிப்பு எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. இன்னும் ஒன்று. டெங்குவில் வெள்ளணுக்களும் பிளேட்லெட்டும் குறைவது எல்லோருக்கும் தெரியும். எச்.ஐ.வி.யின் இந்த முதற் காய்ச்சலிலும் அவை குறையலாம். இரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வைத்தியருக்கு மழைக்காலத் திருகோணமலையில் எது முதலில் நினைவுக்கு வரும்? டெங்குதான். அவரைக் குறை சொல்ல முடியாது. நூறு காய்ச்சலில் பெரும்பாலும் நூறும் வேறு ஏதோ ஒன்றுதான்.

அப்படியானால் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கழுத்தில் நெறி கட்டியதும் வாய்ப்புண்ணும் தொண்டை நோவும் சேர்ந்து வந்தால் ஒரு வைத்தியருக்குச் சந்தேகம் தட்டலாம். ஆனால் உண்மையில் வேறுபடுத்திக் காட்டுவது அதற்கு முந்திய நாலைந்து வாரங்களில் நடந்தது. ஆணுறை இல்லாத உடலுறவு நடந்ததா, ஊசி ஏதும் இன்னொருவரோடு பகிரப்பட்டதா என்ற கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் ஊர் டிஸ்பென்சரிகளில் வைத்தியர் கேட்பதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும் தூரத்தில், மனைவியோ தாயோ பக்கத்தில் இருக்க, நோயாளியும் சொல்லப்போவதில்லை. எத்தனையோ தொற்றுகள் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவிப்போவது இந்த இரண்டு மௌனங்களுக்கு நடுவேதான் என்று நான் நம்புகிறேன்.

நுளம்பைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்குவைக் கொண்டுவரும் நுளம்பு எச்.ஐ.வி.யைக் கொண்டுவராது. நுளம்பின் வயிற்றில் இந்தக் கிருமி பெருகுவதில்லை, இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போய்விடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றாகக் குளிப்பதாலும், ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலும், ஒரே சகனில் சாப்பிடுவதாலும், கட்டிப்பிடிப்பதாலும் வராது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே இது கடக்கிறது. முப்பது வருடமாகச் சொல்லிவரும் விஷயம். இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த முதல் வாரங்களில் உள்ளே நடப்பது சாதாரணமானதல்ல. எங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஒழுங்குபடுத்தும் சிடி4 என்ற வெள்ளணுக்களைத்தான் இந்தக் கிருமி தேடிப் போகிறது. அவற்றுக்குள் புகுந்து, தன் மரபுச் சங்கிலியை அந்த அணுவின் மரபணுவுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. பிறகு அந்த அணுவே கிருமி உற்பத்தி செய்யும் பட்டறையாகிறது. இந்த அணுக்கள் பெருந்தொகையாக இருப்பது குடலின் சுவரில். ஆள் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் அந்த நாட்களில் குடற்சுவரில் இருக்கும் சிடி4 அணுக்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் கிருமி என்ற கணக்கையும் தாண்டலாம். ஒருவர் தன் துணைக்கு மிக இலகுவாகத் தொற்றைக் கொடுக்கக்கூடிய காலமும் இதுவே. தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாத காலம்.

பிறகு உடம்பு விழித்துக்கொள்கிறது. பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. கிருமியின் எண்ணிக்கை இறங்குகிறது. காய்ச்சல் விடுகிறது. ஆள் தேறிவிடுகிறார். அங்கிருந்து அமைதி.

அந்த அமைதி மருந்து எடுக்காத ஒருவருக்குச் சராசரியாகப் பத்து வருடம் நீளும். சிலருக்கு மூன்று, நான்கு வருடம். சிலருக்குப் பதினைந்து. இந்தக் காலம் முழுவதும் அவர் சீனன்குடாவில் மாவாலையிலோ சீமெந்துத் தொழிற்சாலையிலோ மூட்டை தூக்கலாம், பலநாள் படகில் வாரக்கணக்கில் கடலில் நிற்கலாம், கலியாணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம், விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கலாம். சிடி4 அணுக்கள் ஒரு கன மில்லிமீற்றரில் 500க்கு மேல் இருந்த நிலையிலிருந்து வருடத்துக்கு ஐம்பது, அறுபது என்று இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் அது தெரியாது.

தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டு நடந்ததை இந்த இடத்தில் சொல்லவேண்டும். இந்தியாவில் எயிட்ஸ் இல்லை, அது அமெரிக்காவின் நோய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்துப் பார். நிர்மலாவுக்கு ஆய்வுகூட வசதி இல்லை. எடுத்த மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியில் போட்டு இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் தொற்றுகள் அவை. யாருடைய உடம்பிலும் புண்ணைக் கண்டு, மெலிவைக் கண்டு சந்தேகித்து அந்த ஆய்வு தொடங்கவில்லை. நோய் தெரியாத இடத்தில் தேடியதால்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கடுத்த வருடம், 1987இல், இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாகத் தொற்று உறுதியானது.

அறிகுறியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை, இன்னும் கிட்டிய காலத்தது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகையோடு வந்த கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் பத்தொன்பது வயதுப் பெடியன். உறவினர் ஒருவருக்காகச் சிவகாசியில் கொடுத்த இரத்தம் அங்கே தேவைப்படாமல் சாத்தூருக்குப் போயிருந்தது. அவருக்கு ஒரு காய்ச்சல், ஒரு மெலிவு கிடையாது. நல்ல உடம்பு. வெளிநாட்டு வேலைக்குப் போக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. நேரே போய்த் தன் இரத்தத்தை யாருக்கும் ஏற்றவேண்டாம் என்று சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். 2016இலேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று இருந்தது கண்டறியப்பட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று பிறகு செய்தி வந்தது. அந்தப் பெடியன் குற்றவுணர்வு தாங்காமல் அந்த 2018 டிசம்பர் கடைசியில் உயிரை மாய்த்துக்கொண்டான். நாட்டையே உலுக்கிய அந்த நாட்களில் பலர் அவனைத் திட்டினார்கள். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கதையில் செய்யவேண்டியதைச் செய்தவன் அவன் ஒருவன்தான். அந்தத் தாய்க்கு மருந்து கொடுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை.

வெளிநாட்டு மெடிக்கலில் தெரிந்துகொள்வது எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகும் ஆண்களும் பெண்களும் விசாவுக்கு முன்னும், போய் இறங்கிய பின்னும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உட்படுத்தப்படுகிறார்கள். தொற்று இருந்தால் வேலை இல்லை, அங்கே போயிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக் கடனுக்காகப் போகிற ஒரு தாய் தன் உடம்பைப் பற்றிய மிகப் பெரிய செய்தியை ஏஜென்சிக் கதிரையில் இருந்து, 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லாகக் கேட்கிறாள். என்ன நோய், அடுத்து எங்கே போவது, யாரிடம் கதைப்பது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. செய்தி தெரிய வேண்டிய இடம் அதுவல்ல.

அமைதி உடையும்போது

சிடி4 எண்ணிக்கை இறங்க இறங்க, உடம்பு சின்னச் சின்ன இடங்களில் தோற்கத் தொடங்கும். இவற்றைத்தான் பலரும் எயிட்ஸ் அறிகுறி என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். இவை தனித்தனியாக வரும்போது எல்லாவற்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

அக்கி ஒரு நல்ல உதாரணம். நெஞ்சின் ஒரு பக்கமோ முதுகின் ஒரு பக்கமோ பட்டி போட்டதுபோல் கொப்புளம் போட்டு எரியும் வருத்தம். சின்ன வயதில் வந்த கொப்பளிப்பான் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து திரும்பி வருவது. அறுபது வயதானவருக்கு வந்தால் வயது காரணம். முப்பது வயது ஆளுக்கு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்தால், எதிர்ப்புச் சக்திக்கு என்ன நடந்தது என்று கேட்கவேண்டும். எங்கள் ஊரில் அக்கிக்குக் காவி பூசுகிறார்கள், பார்வை பார்க்கிறார்கள். கொப்புளம் காயத்தான் செய்யும். அது எதற்காக வந்தது என்று கேட்கும் ஒரு சந்தர்ப்பம் அதோடு போய்விடும்.

நாக்கிலும் மேலண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம், வழித்தால் சிவந்த புண். கைக்குழந்தைக்கு வருவது சாதாரணம். நீரிழிவு உள்ளவருக்கும், ஆஸ்துமாவுக்கு மருந்து உறிஞ்சுபவருக்கும் வரும். வேறு காரணம் இல்லாத ஒரு வளர்ந்தவருக்கு வந்தால் இரத்தம் பார்க்கத்தான் வேண்டும். விழுங்கும்போது நோவும் சேர்ந்திருந்தால் தாமதிக்கவே கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் விடாத வயிற்றோட்டம், ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காரணமில்லாமல் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்குவது, கை கால் முழுவதும் ஆறாத சொறிப் பருக்கள், திரும்பத் திரும்ப வரும் நியூமோனியா ஆகியவையும் இந்த வகையில் வருபவை.

எல்லாவற்றிலும் பெரியது காசநோய். உலகம் முழுவதும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது அதுதான். பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி அடங்கிக் கிடக்கும், வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாமல். சிடி4 காவல் குறைந்ததும் அது எழும்பிவிடும். இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு என்று நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு வருபவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது இதற்காகத்தான். 'எனக்கு ஏன் அந்தப் பரிசோதனை?' என்று கோபப்படாதீர்கள். அந்த வைத்தியர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

சிடி4 200க்குக் கீழே போனால் எயிட்ஸ் நிலை. மூளைக் காய்ச்சலாக, கண் பார்வை மங்குவதாக, மூச்சு விடமுடியாத நியூமோனியாவாக வரும். இந்த நிலையில் ஆட்கள் கட்டிலோடு வந்து சேர்வது இன்னும் நடக்கிறது. அங்கேயும் காப்பாற்ற முடியும். ஆனால் கடினம். அறிகுறி வந்த பிறகு பார்ப்போம் என்று காத்திருந்ததன் விலை அது.

இருபது நிமிடம்

பரிசோதனை என்றால் பலருக்குப் பெரிய இயந்திரம், பல நாள் காத்திருப்பு என்ற எண்ணம். விரைவுப் பரிசோதனையில் விரல் நுனியை ஸ்பிரிற் பஞ்சால் துடைக்கிறார்கள். சின்ன ஊசியால் ஒரு குத்து. வரும் முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை, ஆள்காட்டி விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டையின் குழிக்குள் விடுகிறார்கள். அதன்மேல் ஒரு துளி திரவம். இரத்தம் பட்டையின் வழியே மெல்ல ஊர்ந்து போகிறது. பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒரு கோடு விழுந்தால் பட்டை சரியாக வேலை செய்தது, பிறபொருளெதிரி அகப்படவில்லை. இரண்டு கோடு விழுந்தால் மேலும் பார்க்கவேண்டும். இரண்டாவது கோட்டை வைத்து மட்டும் யாருக்கும் எச்.ஐ.வி. என்று தீர்ப்புச் சொல்வதில்லை. புதிதாக இரத்தம் எடுத்து, கொழும்பில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறவிடும் இடம். நேற்று நடந்ததற்கு இன்று பரிசோதனை செய்தால் ஒன்றும் காட்டாது. பிறபொருளெதிரி உருவாக நாளெடுக்கும். கிருமியின் புரதத்தையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் 45 நாட்களுக்குள் கண்டுபிடித்துவிடும். விரல் நுனிப் பரிசோதனைக்கு 90 நாள் வரை கணக்கு. ஆகவே மூன்றாம் வாரக் காய்ச்சலோடு போய்ப் பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால், அதை வைத்து ஆறுதல் அடையக்கூடாது. சம்பவம் நடந்த தேதியைச் சொல்லுங்கள், மறுபடி எப்போது வரவேண்டும் என்று கிளினிக்கில் சொல்வார்கள்.

சம்பவம் நடந்து 72 மணித்தியாலம் தாண்டவில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஆணுறை கிழிந்தது, வன்புணர்வு நடந்தது, ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியது என்று எதுவாக இருந்தாலும் உடனே போனால் 28 நாளைக்கு மருந்து கொடுத்துத் தொற்றைத் தடுக்கப் பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. முதல் நாளே என்றால் இன்னும் நல்லது. இந்த 72 மணித்தியாலக் கணக்கை எங்கள் பாடசாலைகளில் உயர்தர மாணவர்களுக்காவது சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

தொற்று உறுதியானால் அடுத்து என்ன? ஒரு குளிசை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுவதும். இலங்கையில் அரசாங்கம் 2004ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து இந்தச் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்துவருகிறது. முன்னர் சிடி4 குறையும்வரை காத்திருந்து மருந்து தொடங்குவார்கள். இப்போது அப்படி இல்லை, கண்டுபிடித்தவுடன் தொடங்குவதுதான் முறை. ஒழுங்காக எடுப்பவருக்குச் சில மாதங்களில் இரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கியவர் உடலுறவு மூலம் தன் துணைக்குத் தொற்றைக் கொடுப்பதில்லை. இது ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தையல்ல. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்கு இல்லாமலும் இருந்த 782 ஆண் இணைகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் உறவு கொண்டும், மருந்தில் இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுக்கூடக் கடக்கவில்லை. 2019இல் அது வெளியானது. மருந்தெடுக்கும் தாய்க்குத் தொற்றில்லாத பிள்ளை பிறக்கிறது. கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் கிளினிக்கில் இரத்தம் பார்ப்பது இதற்காகத்தான். 2019 டிசம்பரில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடப்பதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாக நடந்து சம்பாதித்த சான்றிதழ் அது.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜோன்சனுக்கு 1991இல் ஆயுள் காப்புறுதிக்கான பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்தது. உடம்பில் ஓர் அறிகுறியும் இல்லை. உலகமே அவர் சாகப்போகிறார் என்று அழுதது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நன்றாக இருக்கிறார். அவருக்குக் கிடைத்த அதே வகைச் சிகிச்சை இன்று இலங்கையில் ஒரு சதம் செலவில்லாமல் கிடைக்கிறது.

பிறகு ஏன் போவதில்லை?

பயத்தால். நோயைப் பற்றிய பயத்தைவிட அயலைப் பற்றிய பயம் பெரிது. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு நடந்ததை நாடு முழுவதும் பார்த்தது. தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்று ஒரு கதை. பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை சொன்னது. ஆனாலும் அவனைச் சேர்த்த பாடசாலையிலிருந்து மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. தொற்றே இல்லாத ஒரு பிள்ளைக்கு இந்தக் கதி என்றால், தொற்றுள்ள ஒருவர் எந்தத் தைரியத்தில் கிளினிக் வாசலில் நிற்பார்?

துறைமுக ஊர் என்பதற்காக எங்கள்மேல் விழும் ஒரு பழியும் உண்டு. துறைமுகம், கடற்படை முகாம், உப்புவெளி, நிலாவெளியில் உல்லாசப் பயணிகள், ஆகவே 'அந்த நோய்' இங்கேதான் என்ற பேச்சு. பழைய பேச்சு இது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் தம் படையினரைக் காக்கவென்று பெண்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்கும் சட்டத்தை இலங்கையிலும் கொண்டுவந்தார்கள். ஆண்களை யாரும் பரிசோதிக்கவில்லை, நோயும் நிற்கவில்லை. இன்று நாட்டில் அதிகம் தொற்றுப் பதிவாவது கொழும்பிலும் கம்பஹாவிலும். தொற்றுபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். இலங்கையில் 2022இல் புதிதாக 607 பேருக்குத் தொற்று உறுதியானது, அடுத்த வருடம் அது 700ஐ நெருங்கியது. இந்திய, ஆபிரிக்க எண்ணிக்கைகளோடு பார்த்தால் மிகச் சிறியது. வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைவிடக் குறைவு. ஆனால் கூடிக்கொண்டு போகிறது, இளவயதினரிடம் கூடுகிறது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் இதில் பெரும் பங்கு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழைய தண்டனைச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கும்வரை, அவர்கள் கிளினிக்குக்கு வருவது கடினமாகவே இருக்கும். அந்தச் சட்டம் போகவேண்டும். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. வேறு வைத்தியரின் துண்டு தேவையில்லை, காசு தேவையில்லை. நீங்கள் சொல்வது வெளியே போகாது. 'நோ ஃபோர் ஷுவர்' என்ற தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் இணையத்தளத்தில் உங்களுக்கு வசதியான கிளினிக்கையும் நேரத்தையும் நீங்களே பதிந்துகொள்ளலாம். சொந்த ஊரில் முகம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போங்கள், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கப்போவதில்லை.

வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று அறிக்கை வந்தும் காய்ச்சல் விடாத இளைஞனைத் தனியாக ஒரு நிமிடம் இருத்தி, பக்கத்தில் யாரும் இல்லாமல், அந்தக் கேள்வியைக் கேளுங்கள். வாசிப்பவர்களே, அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே போங்கள். உடம்பில் ஏதாவது தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.